தகட்டுக்கு அந்தப் பக்கம்

பிறந்த வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அரியலூரில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிற சந்தில் இருந்தது அந்த வீடு. அப்பா காளவாயில் வேலை பார்த்தார். அக்கா, தங்கைகள், சித்தப்பா குடும்பம், அத்தை என்று ஒரே கூரைக்குள் அத்தனை பேர். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். அந்த இரைச்சலில் நம் பேச்சு எடுபட வேண்டுமானால் மூச்சு விடாமல் பேசியாக வேண்டும். நான் பேசினேன். "இவளக் கட்டிக்கப் போறவன் காதுல பஞ்ச வெச்சுக்கிட்டுத்தான் தாலி கட்டணும்" என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய்ப் பெரம்பலூரில், வாயைத் திறக்காத ஒரு மனிதருக்குக் கட்டிவைத்தார்கள்.

அவருக்கு மோட்டார் பாடி தட்டுகிற வேலை. கார், பஸ், லாரி எதுவானாலும் மோதி நசுங்கி வந்தால் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, வளைந்த அடிச்சட்டத்தை நேராக்கிக் கொடுப்பார். திருச்சியில் ஒரு பட்டறையில் மீசை முளைக்கும் முன்பே சுத்தியலைப் பிடித்தவர். அப்பா அம்மா இல்லை. பெரம்பலூருக்கு வெளியே, திருச்சியிலிருந்து மெட்ராஸ் போகிற ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு, முன்னால் இரண்டு புளியமரங்கள், சுற்றிலும் கரிசல் காடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது.

கல்யாணத்துக்கு முதல்நாள் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "அங்க போயி இங்க மாதிரி வாயடிக்காத. புருஷனுக்கு எதுத்தாப்புல நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசக் கூடாது. ஓரமா நின்னு, குனிஞ்ச தல நிமிராம, மெதுவாச் சொல்லு. வூட்டுப் பொம்பள சத்தம் வாசலத் தாண்டக் கூடாது."

என் சுபாவத்துக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் நல்ல பெண் என்று பேர் வாங்க வேண்டுமே. அம்மா சொன்னதில் ஓர் எழுத்துக் குறையாமல் நடந்துகொண்டேன்.

அவர் சாப்பிட உட்காருவார். நான் கதவோரம், அவர் முதுகுப் பக்கமாக நின்று தரையைப் பார்த்தபடி பேசுவேன். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பேன். வேலியை ஆடு மேய்ந்துவிட்டது என்பேன். "ஏங்க, நாளைக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்பேன். பதில் வராது. மென்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, வேலை செய்த அலுப்பு என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷம் போனதும் அந்தச் சமாதானமும் தீர்ந்துபோயிற்று. இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

ஊமையாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். லாரி டிரைவர்கள் வந்தால் பேசுவாரே! அவர்கள் எஞ்சின் சத்தத்தில் பழகியவர்கள். மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி எதிரே நின்று அடித்தொண்டையில் கத்துவார்கள். இவரும் ஒன்றிரண்டு வார்த்தையானாலும் பதில் சொல்வார், சில சமயம் சிரிக்கக்கூடச் செய்வார். நான் கீற்று இடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊரான் ஒருத்தனுக்குக் கிடைக்கிற சிரிப்பு வீட்டுக்காரிக்குக் கிடையாதா என்று உள்ளே வந்து பாத்திரங்களோடு சண்டை போடுவேன். அந்தப் பாத்திரங்கள்தான் எனக்குப் பேச்சுத்துணை. ராத்திரி படுத்தால் ரோட்டில் போகிற மாட்டுவண்டியின் சலங்கை தேய்ந்து மறைகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் எதுவும் இருக்காது. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

இரண்டாம் வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. சில நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லத்தான் அங்கே யார் இருந்தார்கள்? ஒரு சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, "முழுகாம இருக்கேங்க" என்றேன். சொன்னபோது எனக்கே வெட்கத்தில் குரல் எழும்பவில்லை. அவர் இலைக்கு மேலே கையைக் குவித்து நீட்டினார். மோர் வேண்டுமாம். ஊற்றினேன். குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் தகடு வாங்க அவர் திருச்சிக்குப் போயிருந்த அன்று அது கலைந்துபோயிற்று. பக்கத்துக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என் முனகலைக் கேட்டு ஓடி வந்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுப் போனாள். அவர் வந்து பார்த்தபோது நான் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தேன். "போயிடுச்சுங்க" என்று சுவரிடம் சொன்னேன். அவர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "காச்சல் வுட்டுரும்" என்றார். கஞ்சி காய்ச்சினார், சுக்குக் கஷாயம் வைத்தார், ஈரத்துணி போட்டார். அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி, ஒரு வார்த்தை கிடையாது. கஞ்சி காய்ச்சத் தெரிந்த மனிதருக்கு, ஐயோ என்று ஒரு சொல் சொல்லத் தெரியாதா? அந்தக் கஞ்சி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரோடு கூட வேலை பார்த்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பாடி தட்டுகிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. நசுங்கின தகட்டுக்கு உட்புறம் ஒருவர் கனமான இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். வெளிப்புறத்திலிருந்து இன்னொருவர் சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே பிடிக்கிற கட்டைக்குத் தாங்கு கட்டை என்று பெயர். கட்டை இல்லாமல் தட்டினால் தகடு இன்னும் உள்ளே போகும். வேறு வழியில்லாமல் ஒருநாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, கட்டையைக் கையில் கொடுத்து, காருக்குள் உட்காரச் சொன்னார்.

உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பவரைத் தெரியாது. தட்டுதான் பேச்சு. ஒற்றைத் தட்டு என்றால் அங்கேயே பிடி. இரட்டைத் தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டினால் முடிந்தது, வெளியே வா. நான் கட்டையால் உள்ளிருந்து ஒன்று தட்டினால், பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். சுத்தியல் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது, அதனால் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள், எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. உள்ளே இருட்டாக இருக்கும், துருவும் பழைய தோலும் சேர்ந்து நாறும், அடி விழும்போது முழங்கை வரைக்கும் அதிரும். ஆனால் நான் ஒன்று தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வரும். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சொன்னதற்கு அவரிடமிருந்து வந்த முதல் பதில் அதுதான். சில நாள் தேவையே இல்லாமல் தட்டிப் பார்ப்பேன். உடனே பதில் வரும். தகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர் வேறு, சாப்பிட உட்காருகிற மனிதர் வேறு என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த கோடையின் கடைசியில் ஒரு காரை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. உடையார்பாளையம் பக்கத்துப் பண்ணையார் வீட்டுக் கார். அந்தி மசங்கலில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த வண்டியின் மேல் மோதியிருந்தது. முன்பக்கம் இடது மட்கார்டு சுருண்டு சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. பானெட் கூம்பி நின்றது. இடது பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கியிருந்தன. அதையெல்லாம் தட்டிவிடலாம். அவர் படுத்தபடி காருக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடிச்சட்டத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முன்கொம்பு ஒரு பக்கமாக வளைந்திருப்பதைக் கையால் வளைத்துக் காட்டினார். அது நேராகாவிட்டால், மேலே எவ்வளவு மினுக்கினாலும் கார் ரோட்டில் நேராக ஓடாது.

காரோடு வந்த டிரைவர் ஜெயங்கொண்டத்துக்காரர். மாடு ஓட்டி வந்தவர்கள் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். வேலை முடிகிறவரை இவர் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு தங்கினார். என் அப்பா வயசிருக்கும். என்னைத் தங்கச்சி என்றார், அந்த முறைக்கு என் வீட்டுக்காரரை மாப்ளே என்றார். மடியில் எப்போதும் வறுத்த முந்திரிக்கொட்டை வைத்திருப்பார். வாயும் கையும் ஓயாது. பண்ணையார் வீட்டு அம்மா மீன் வாசனைக்கு மயங்கி விழுந்தது, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடுகிற பஸ் மேட்டில் ஏறாமல் ஜனங்கள் இறங்கித் தள்ளியது, எல்லாம் சொல்லுவார். நான் அடுப்படியை விட்டுக் கொட்டகை ஓரத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். வறண்டு கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வந்த மாதிரி என் வாயும் திறந்துகொண்டது. பேசப் பேச எனக்கு அழுகை வந்தது.

"என்னா தங்கச்சி?" என்று பதறிப்போனார்.

"ஒண்ணுமில்லண்ணே. வண்டி முடிஞ்சதும் அரியலூர் வழியாத்தான போவீங்க? என்னையும் எங்கம்மா வூட்டுல எறக்கி வுட்டுருங்க."

"அதுக்கென்ன, போயிட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வா."

"திரும்பி வரமாட்டேண்ணே."

அவர் முந்திரிக்கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ளகிட்ட சொல்லிட்டியா?"

அன்று சாயங்காலமே சொன்னேன். ஒளிந்து மறைந்து ஓடிப்போகிறவள் இல்லை நான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று, "இந்த வண்டி போறப்ப நானும் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேங்க. இனிமே வரமாட்டேன்" என்றேன். திட்டுவாரா, ஏன் என்று கேட்பாரா, எழுந்து வந்து ஓர் அறையாவது கொடுப்பாரா என்று நின்றேன். அறைந்திருந்தால்கூட அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"உப்பு கொஞ்சம் பத்தல" என்றார்.

உப்பை எடுத்து வைத்தேன். அன்றே தகரப்பெட்டியில் என் புடவைகளை மடித்து அடுக்கினேன்.

அப்புறம் அந்தக் காரில் ஒவ்வொரு நசுங்கல் நிமிரும்போதும் நான் அரியலூருக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனேன். கதவுக்கு உள்ளே உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தட்டு இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைப்பேன். போகப்போகிற இடத்தில் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் இப்படித் தட்ட யாரும் இருக்கமாட்டார்கள். அது ஏன் எனக்குக் கஷ்டமாக இருந்ததோ தெரியவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடிச்சட்டத்தை இழுப்பது பெரிய வேலை. மட்கார்டு, பானெட், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்கத்தை ஒரு புளியமரத்தோடு சங்கிலியால் இறுக்கிக் கட்டினார். வளைந்த முன்கொம்பை இன்னொரு மரத்தோடு சங்கிலியும் கப்பியும் போட்டுப் பிணைத்தார். வளைவைச் சுற்றிக் கரியைக் கொட்டி, துருத்தி ஊதி, இரும்பு சிவக்கும்போது கப்பியை இழுத்தால் கொம்பு மெல்ல மெல்ல நேராகும். எவ்வளவு நேரானது என்று தெரியவேண்டுமே, அதற்குச் சட்டத்தின் மூலைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தொட்ட இடத்தில் தரையில் முளை அடித்து, எது எங்கே வரவேண்டும் என்று அளந்து வைத்திருந்தார். திருச்சிப் பட்டறையில் சிமெண்டுத் தரையில் கோடு போடுவார்களாம். இங்கே மண் தரை, அதனால் முளை.

பாதி இழுத்திருந்தபோது கோடை மழை ஒன்று ராவெல்லாம் கொட்டியது. மறுநாள் மீதியை இழுத்து, குண்டும் முளையும் சேர்ந்துவிட்டது என்று திருப்தியாகி, எல்லாவற்றையும் மாட்டினார். டிரைவர் அண்ணன் பத்திரமாக வைத்திருந்த கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மாப்ளே, கைய வுட்டா வண்டி இடப்பக்கமாப் பள்ளத்துக்குப் போவுது" என்றார்.

இவர் நம்பவில்லை. மறுபடி குண்டு இறக்கினார். முளையோடு சரியாகத்தான் இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் களை பறிக்கிற அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "கரிசக்காட்டுல முளைய அடிச்சுப்புட்டு அத நம்பிக்கிட்டு ஒக்காந்திருக்காரா ஒம் புருஷன்? கோடையில வெடிக்கும், மழ பேஞ்சா உப்பும். முளை எந்தப் பக்கம் நவுந்துச்சோ!" என்றாள். அவள் சொன்னதை டிரைவர் அண்ணன் அவர் முகத்துக்கு நேரே போய்க் கத்திச் சொன்னார். முளைகள் நகர்ந்திருந்தன, நகர்ந்த முளைக்குச் சரியாகச் சட்டத்தை வளைத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிரித்து, முளைகளைப் பிடுங்கி எறிந்து, சட்டத்திலேயே மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்து அளந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். என் பெட்டி கட்டியபடியே மூலையில் கிடந்தது.

இரண்டாம் தடவை இழுத்த அன்று மதியம் டிரைவர் அண்ணன் டவுனுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும்தான். நான் துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். அவர் சங்கிலிக்கு மிகப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றிருந்தார். ஒரு கையால் கப்பியை இழுத்தார். இன்னொரு கையைச் சட்டத்தின் சூடில்லாத பாகத்தில் ஊன்றியிருந்தார். இரும்பு இளகுவது கைக்குத் தெரியும் என்பதால் எப்போதும் அப்படித்தான் நிற்பார். நிமிர்ந்து பார்த்தேன். மரத்துப் பக்கம் சங்கிலியை மாட்டியிருந்த கொக்கி வாய் விரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். திரும்பவில்லை. "ஏங்க, கொக்கி, கொக்கி!" ஊஹூம். இன்னும் கப்பியை இழுக்கிறார், கொக்கி இன்னும் விரிகிறது. அந்த நிமிஷம் நான், எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்கிற அந்தப் பெயரை, தொண்டை கிழிய, காடெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டேன். வரப்பில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. அவர் திரும்பவில்லை.

எப்படித் தோன்றியதோ, கீழே கிடந்த சுத்தியலை எடுத்துச் சட்டத்தில் ஓங்கி இரட்டைத் தட்டுத் தட்டினேன். அடுத்த கணம் கப்பியை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார். கொக்கி பிய்த்துக்கொண்டு அவர் நின்றிருந்த இடத்தின் வழியாகப் பறந்துபோய், எதிர்மரத்தின் பட்டையைச் சீவிவிட்டு விழுந்தது.

அவர் மரத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். ஒன்று மட்டும் என் மனசில் குத்திக்கொண்டு நின்றது. மெல்ல அவருக்குப் பின்னால் போய் நின்று இன்னொரு தடவை பெயரைச் சொன்னேன். அசையவில்லை. முன்னால் வந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"ஒங்களுக்குக் காது கேக்காதா?"

அவர் கண் என் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. கேள்வி புரிந்ததும் தலை தொங்கிவிட்டது.

"ஆம்பளைங்க கத்துனா கொஞ்சம் கேக்கும். மூஞ்சியப் பாத்தா வாயசவுல மிச்சம் புரிஞ்சுரும். பொம்பளைங்க கொரலு சுத்தமாக் கேக்காது. பட்டறைக்குப் போன கொஞ்ச வருஷத்துலயே இப்படி ஆயிருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு பொண்ணு குடுப்பா? வண்டியத்தான் யாரு நம்பி வுடுவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். "கட்டிக்கிட்டு வந்தப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவர் திகைத்துப் பார்த்தார். "நீதான் எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசினதில்லையே. மூஞ்சியக்கூடத் திருப்பிக்கிட்டே இருந்த. புடிக்காம கட்டி வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். நம்மாலயும் ஒரு தொந்தரவு வேண்டாம்னு சும்மா இருந்துட்டேன்."

வாயாடி என்று பேர் வாங்கிய என்னை இத்தனை காலமும் ஊமை என்று நினைத்திருக்கிறார்! கதவோரம் நின்று நான் பேசின பேச்செல்லாம் சுவருக்குத்தான் போயிருக்கிறது. அம்மா சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகாமல், ஓரமாக நின்று, தலை குனிந்து, மெதுவாக! அப்போதுதான் அந்தச் சாயங்காலமும் மோருக்கு நீட்டிய கையும் ஞாபகத்துக்கு வந்தன. அப்படியானால் அந்த விஷயம் இவருக்குத் தெரியவே தெரியாது. நான் இரண்டு பேருக்குமாகத் துக்கம் கொண்டாடி முடித்த ஒன்று, இவருக்கு இன்னும் நடக்கவே இல்லை.

சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

காது கேட்காதது அவர் குற்றமில்லை என்று புத்திக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. அந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? தொடர்ந்து வந்த நாட்களில் அவர் அடிக்கடி என் முகத்தைப் பார்த்தார், ஏதாவது சொல்வேனா என்று. நான்தான் இப்போது நிஜமாகவே பேசவில்லை. பேசினால் முதலில் வெளியே வருவது அதுவாகத்தான் இருக்கும் என்று பயம். கொம்பு நேரானது. மட்கார்டும் பானெட்டும் ஏறின. கதவுக்குள் உட்கார்ந்து கடைசித் தட்டுக்களுக்குக் கட்டை பிடித்தேன். அவரே பிரஷ்ஷால் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். டிரைவர் அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கைய வுட்டாலும் நேராப் போவுது மாப்ளே" என்றார்.

புறப்படுகிற காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பின் ஸீட்டில் உட்கார்ந்தேன். அவர் கொட்டகையில் ஏதோ சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. நேரே போய் அவர் முகத்துக்கு எதிரே நின்று கத்தினார். "மாப்ளே, தங்கச்சி அரியலூர் போவுது. திரும்பி வராதாம். ஒங்கிட்ட சொல்லிட்டேன்னுச்சு. நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?"

நான் குனிந்துகொண்டேன். இந்த மனிதரிடம் கதவோரம் நின்று நான் சொன்ன கடைசிப் பேச்சும் இப்போதுதான் அவரிடம் போய்ச் சேருகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் வந்து முன் ஸீட்டில் ஏறினார். கார் நகரும் என்று காத்திருந்தேன்.

நான் சாய்ந்திருந்த கதவில், வெளியிலிருந்து, மூன்று தட்டு விழுந்தது.

கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. இறங்கினேன். எதிரே நின்றார். அழுதிருக்கவில்லை, கோபமும் இல்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கையில் கறுப்புப் பெயிண்டோடு நின்றார்.

"போகணும்னா போ. நா நிறுத்தல. செவிடங்கூட யாரு காலந்தள்ளுவா" என்றார். பிறகு, "இத்தன வருஷமா நீ எங்கிட்ட சொன்னதுல ஒண்ணே ஒண்ணாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

கிணறு, ஆடு, குழம்பு என்று எவ்வளவோ இருந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஏறிப் போயிருக்கலாம். வெயில் என் முகத்தில் விழும்படி திரும்பி நின்றேன், அவருக்கு உதடு தெரியவேண்டுமே. முதல் தடவை உதடு நடுங்கியதில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"முழுகாம இருந்தேன். ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க திருச்சிக்குப் போயிருந்தப்ப அது போயிருச்சு."

என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காச்சலா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

பெயிண்ட் சரியாகக் காயாத மட்கார்டில் கையை ஊன்றியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, யாரையும் கேட்காமல் என் பெட்டியை எடுத்துப் போய் வீட்டு வாசலில் வைத்தார். மட்கார்டில் விழுந்த கைத்தடத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

நான் அழுது முடித்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயிருந்தன. அவர் அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். சேர்ந்து அழ எனக்குக் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்றேன். தான் அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அதனால் அடக்கத் தெரியாமல் ரோடு வரைக்கும் கேட்கும்படி அழுதார். நான்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.